ஆஸ்துமா உள்ள ஓட்டக்காரருக்கு எத்தகைய வார்ம்-அப் ஏற்றது?

கேள்வி:
என் மகளுக்கு வயது 16. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. 800 மீட்டர் ஓடுகிறாள். ஓடும்போது அதிகத் தொந்தரவு தெரிவதில்லை. ஓடி முடித்து ஐந்தாறு நிமிடங்கள் கழிந்த பிறகுதான், முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்தபடி வறட்டு இருமல் இருமுகிறாள்; மூச்சை வெளியே விடும்போது மெல்லிய விசில் போன்ற ஓசை கேட்கிறது. போட்டிக்கு முன் இரண்டு சுற்று மெதுவாக ஓடினால் போதும், வேகமாக ஓடிக் களைத்துவிடக் கூடாது என்று பயிற்சியாளர் சொல்கிறார். அது போதுமா?

மறுமொழி (தடகளப் பயிற்சியாளர்):
போதாது என்பதே என் கருத்து. வேகமாக ஓடும்போது வாய்வழியே பெருமளவு காற்றை இழுப்பதால் மூச்சுக்குழாயின் உட்பரப்பு ஈரமிழந்து உலர்கிறது. அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளியிட, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஓட்டம் நின்ற 5 முதல் 15 நிமிடங்களுக்குள் இந்த இறுக்கம் உச்சத்தை எட்டும் என்பதால்தான் உங்கள் மகளுக்கு இருமல் தாமதமாக வருகிறது. ஆனால் ஒருமுறை இவ்வாறு தூண்டப்பட்ட மூச்சுக்குழாய், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அடுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை அதே அளவுக்கு இறுகுவதில்லை. அந்த இடைவெளியை உண்டாக்க மெதுவோட்டம் மட்டும் பெரும்பாலும் உதவாது. இடையிடையே வேகம் கூட வேண்டும். பத்து நிமிட மெதுவோட்டத்துக்குப் பின், 30 விநாடி விரைவோட்டம், நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ள ஒன்றரை நிமிட நடை என ஆறு முதல் எட்டு முறை செய்யச் சொல்வேன். இதை முதன்முதலில் போட்டி நாளில் செய்து பார்க்க வேண்டாம். பயிற்சி நாள்களில் பழக்கிக்கொள்ளட்டும்.

மறுமொழி (ஆஸ்துமா உள்ள ஓட்டக்காரர்):
நானும் இப்படித்தான் செய்கிறேன். மருத்துவர் சொன்னபடி, வார்ம்-அப் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் என்ற நீல நிற இன்ஹேலரை எடுத்துக்கொள்வேன். குளிர்ந்த, வறண்ட காற்று வீசும் நாள்களில் வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு ஓடினால், உள்ளே செல்லும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது.

கேட்டவர்:
நன்றி. அவளிடம் இருப்பது அந்த நீல நிற இன்ஹேலர் மட்டுமே. இருமல் வந்த பின்தான் பயன்படுத்துகிறாள். ஊக்கமருந்துப் பரிசோதனையில் அது சிக்கலாகுமா?

மறுமொழி (மருத்துவர்):
உறிஞ்சும் சால்பியூட்டமாலை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டாமல் பயன்படுத்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அனுமதிக்கிறது. இது விதியின் வரம்பே தவிர, அவளுக்கான மருந்தளவு அன்று. எனக்குக் கவலை தருவது வேறு. நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையை, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. அதை நாள்தோறும் பயன்படுத்தினால் அது தரும் பாதுகாப்பும் குறைந்துகொண்டே வரும். மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவையா என்பதை அவளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் விரைவில் கேளுங்கள். எந்த வார்ம்-அப்பும் அதற்கு மாற்றாகாது. வார்ம்-அப்பின்போதே விசில் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட்டு இன்ஹேலரை எடுக்க வேண்டும். மூச்சு முற்றிலும் சீராகாவிட்டால் அன்று ஓட வேண்டாம். மருந்து எடுத்தும் பேச முடியாத அளவுக்கு மூச்சுத் திணறினால், காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.