சைலன்ட் பீரியட் என்று சொல்லி நிறுவனம் பங்குதாரருக்குப் பதில் தராமல் இருக்கலாமா?

கேள்வி – சிறுமுதலீட்டாளர்

வணக்கம். பதினொரு ஆண்டுகளாக ஒரு நடுத்தர நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கிறேன். பெயர் இங்கே வேண்டாம். ஏப்ரல் முதல் வாரத்தில் அதன் ஆலை ஒன்றில் வேலைநிறுத்தம் என்று செய்தித்தாளில் படித்தேன். உடனே முதலீட்டாளர்களுக்கான மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு கேள்விகள் எழுதினேன். ஆலை ஓடுகிறதா என்பது ஒன்று; சென்ற ஆண்டு என் வங்கிக் கணக்குக்கு வராமல் போன டிவிடெண்ட் எங்கே நிற்கிறது என்பது மற்றொன்று. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி இது சைலன்ட் பீரியட் (மௌன காலம்) என்றும், நிதி முடிவுகள் வெளியாகும்வரை எதற்கும் பதிலளிக்க இயலாது என்றும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் வந்தது. முடிவுகள் வந்தது மே மாதக் கடைசியில். அதுவரை விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, விற்பதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்க என்னிடம் எந்தத் தகவலும் இல்லை. செபி விதி உண்மையிலேயே இப்படித்தான் சொல்கிறதா?

பதில் – நெல்லைவாசி

இல்லை ஐயா. 2015-ஆம் ஆண்டின் இன்சைடர் டிரேடிங் (உள்தகவலை வைத்துப் பங்கு வணிகம் செய்தல்) தடை விதிமுறைகளில் இருப்பது டிரேடிங் விண்டோ மூடல். காலாண்டு முடிந்ததிலிருந்து, முடிவுகள் அறிவிக்கப்பட்டு 48 மணி நேரம் ஆகும்வரை, இயக்குநர்களும் கணக்கு விவரம் தெரிந்த ஊழியர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. உள்ளே இருப்பவர்களின் வணிகத்துக்குத்தான் அந்தப் பூட்டு. பங்குதாரரோடு பேசக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை ஒருவருக்கு மட்டும் சொல்லக் கூடாது என்ற தடை தனியாக உண்டு, ஆனால் அது ஆண்டு முழுவதற்கும் பொருந்தும்.

நிறுவனங்கள் சொல்லும் சைலன்ட் பீரியட், இந்த இரண்டையும் சேர்த்து அவர்களே வகுத்துக்கொண்ட வழக்கம். அது எவ்வளவு நீளக்கூடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: முதல் மூன்று காலாண்டுகளுக்குத் தலா 45 நாட்கள், ஆண்டு முடிவுக்கு 60 நாட்கள் என்று முடிவுகளை வெளியிட அவகாசம் இருக்கிறது. முழு அவகாசத்தையும் எடுத்துக்கொள்ளும் நிறுவனம் ஆண்டில் 195 நாட்கள், அதாவது பாதிக்கும் மேல், வாய் திறக்காமல் இருந்துவிடலாம். எந்தச் சட்டமும் இப்படி இருக்கச் சொல்லவில்லை என்பதால்தான் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

வேலைநிறுத்தம் பற்றிய கேள்வி இன்னும் முக்கியமானது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கான விதிமுறைகளில் 30-ஆவது விதியின்படி, வேலைநிறுத்தத்தாலோ தீ, வெள்ளம் போன்றவற்றாலோ உற்பத்தி தடைப்பட்டு, அதன் பாதிப்பு குறித்த அளவைத் தாண்டினால், பங்குச்சந்தைக்கு அறிவித்தே ஆக வேண்டும். விற்றுமுதலில் 2%, நிகர மதிப்பில் 2%, மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 5% ஆகியவற்றில் எது குறைவோ அதுவே அந்த அளவு. அறிவிப்புக்கான கெடுவும் மணிக்கணக்கில்தான்; முடிவுகள் வரும்வரை பொறுத்திருக்கலாம் என்ற சலுகை அதில் கிடையாது.

பதில் – முன்னாள் செக்ரட்டரியல் ஊழியர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மேசையின் மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆலை நன்றாக ஓடுகிறது என்று ஏப்ரலில் ஒரே ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அந்த ஒருவருக்குச் சந்தைக்குத் தெரியாத தகவலைக் கொடுத்ததாக ஆகிவிடக்கூடும். அந்த அச்சம் நியாயமானது. அதற்காக எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே வரியை ஒட்டி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். ஏற்கெனவே சந்தைக்குத் தெரிவித்ததைச் சுட்டிக்காட்டலாம். தெரிவிக்காதது முக்கியமானதாக இருந்தால் சந்தைக்கு அறிவித்துவிட்டு உங்களுக்கும் எழுதலாம். டிவிடெண்டுக்கும் காலாண்டுக் கணக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை, நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டைக் கவனிக்கும் பதிவாளர் அலுவலகம் எந்த நாளிலும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் உண்டு. அங்கே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் புதுப் பங்கு வெளியீட்டை ஒட்டிய பேச்சைத்தான் கட்டுப்படுத்துகிறது. 2004-இல் கூகுள் நிறுவனர்கள் முன்பே கொடுத்திருந்த பத்திரிகைப் பேட்டி ஒன்று பங்கு வெளியீட்டுக்குச் சற்று முன் அச்சில் வந்துவிட்டது. அந்தப் பேட்டி முழுவதையும் நிறுவனம் தன் வெளியீட்டு ஆவணத்தில் இணைப்பாகச் சேர்க்க நேர்ந்தது. ஆனால் காலாண்டு முடிவுகளுக்கு முந்தைய மௌனம், அங்கேயும் நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்டதுதான்.

சிறுமுதலீட்டாளர்

இருவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகளையும் ஒரே கடிதத்தில் எழுதியது என் பிழை என்று இப்போது தெரிகிறது. டிவிடெண்டுக்குப் பங்குக் கணக்கு எண்ணுடன் பதிவாளருக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஏப்ரலில் பங்குச்சந்தைத் தளத்தில் ஏதேனும் அறிவிப்பு வந்ததா என்று இன்றிரவு தேடிப் பார்க்கிறேன். இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாமா?

நெல்லைவாசி

செய்யலாம் ஐயா. முதலில் 30-ஆவது விதியைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு (விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிப்பவர்) நேரடியாக எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் நகலைப் புகாருடன் சேருங்கள். ஸ்கோர்ஸில் பதிவானால் 21 நாட்களுக்குள் நிறுவனம் பதிலளித்தாக வேண்டும். அங்கே சைலன்ட் பீரியட் என்று சொல்லித் தப்ப முடியாது.