மூக்கு அறுவைச் சிகிச்சை: நேராகப் பார்க்கும்போது என்ன மாறும்?

கேள்வி | அம்மாப்பேட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். என் மூக்குத் தண்டின் நடுவில் ஒரு மேடு உண்டு. நுனியும் சற்று உருண்டையாக இருக்கும். அழகுக்காகச் செய்யும் மூக்கு அறுவைச் சிகிச்சை பற்றிக் கேட்க, போன மாதம் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் என் பக்கவாட்டுப் படத்தைக் கணினியில் வைத்து, மேட்டைக் குறைத்தால் எப்படி இருக்கும் என்று காட்டினார். ஆனால் நான் நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பதும், எதிரில் நின்று பேசுகிறவர்கள் பார்ப்பதும் நேர்முகத்தைத்தானே? அதைக் கேட்டபோது "மெலிதாகிவிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. நேராகப் பார்க்கும்போது எது மாறும், எது மாறாது? வலப்பக்கம் மூக்குத்தி குத்தியிருக்கிறேன். அந்தத் துளை இடம் மாறிவிடுமோ என்று அம்மா கவலைப்படுகிறார்.

பதில் 1 | ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், ஏற்காடு

இந்தச் சிகிச்சையில் மிகக் கடினமான பகுதியைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. பக்கவாட்டில் தெரிவது ஒரே கோடு. மேட்டைச் சீவினால் அது நேராகிவிடும். நேர்முகத்தில் அப்படி இல்லை. புருவத்தின் உள்முனையில் தொடங்கி, மூக்குத் தண்டின் இரு ஓரங்களிலும் மெல்ல வளைந்து, நுனியில் வந்து சேரும் இரண்டு நிழல்கோடுகளை வைத்துத்தான் நம் கண் மூக்கின் அகலத்தை அளக்கிறது. அவை இரண்டும் ஒன்றுபோல, இடையில் உடையாமல் ஓடினால் பெரிய மூக்குகூட மெலிதாகத் தெரியும். ஒன்று விலகினாலும் மூக்கு கோணலாகத் தெரியும்.

மேட்டைக் குறைத்தாலே முன்புறமும் மெலிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. ஓட்டு வீட்டின் முகட்டை மட்டும் எடுத்துவிட்டால் மேலே தட்டையாகத் திறந்து நிற்கும் அல்லவா? மூக்கிலும் அப்படித்தான், பெரிய மேட்டை எடுத்துவிட்டு அப்படியே விட்டால், முன்னாலிருந்து பார்ப்பவருக்குத் தண்டு முன்பைவிட அகலமாகத் தெரியும். ஆகவேதான் இரு பக்க எலும்புகளையும் அடியில் வெட்டி, உள்நோக்கி நகர்த்தி, அந்தத் திறப்பை மூடுகிறார்கள். எலும்புக்குக் கீழே உள்ள நடுப்பகுதி குருத்தெலும்பால் ஆனது. அது தாங்கலின்றி உள்ளே சரிந்தால், எலும்பு முடியும் இடத்தில் கூடார வடிவில் ஒரு நிழல் விழும், மூச்சும் அடைக்கும். அதைத் தடுக்க, மூக்கின் நடுச்சுவரிலிருந்து எடுத்த மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளை இருபுறமும் வைத்துத் தைப்பது வழக்கம். உங்கள் மருத்துவரிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

உருண்டையான நுனிக்கு, அங்குள்ள குருத்தெலும்பின் மேலோரத்தைச் சிறிது குறைத்து, தையலால் வளைவை இறுக்குவார்கள். ஆனால் மேலே போர்த்தியிருக்கும் தோல் தடிமனாக இருந்தால், உள்ளே செய்த நுணுக்கம் வெளியே முழுதாகத் தெரியாது. நுனியை அளவுக்கு மீறி உயர்த்தினால் நேராகப் பார்ப்பவருக்கு நாசித் துளைகள் தெரியும். அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

மூக்கிறகுகளின், அதாவது நாசித் துளைகளின் வெளிப்புறச் சதை மடல்களின், அகலம் எலும்பை நகர்த்துவதால் குறையாது. அதற்குத் தனியாக வெட்ட வேண்டும். மூக்கு கன்னத்தோடு சேரும் மடிப்பில் சிறு தழும்பு இருக்கும். மூக்கின் அடி அகலம் கண்களின் உள்முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று பாடநூல்களில் ஓர் அளவு உண்டு. அது ஐரோப்பிய முகங்களை வைத்து எழுந்த அளவு. நம்மவர்களில் பலருக்கு அதைவிடச் சற்று அகலமாக இருப்பதே முகத்துக்குப் பொருத்தம். அந்த அளவுக்காக வெட்டிக்கொள்ளாதீர்கள்.

மூக்குத்தியை அறுவைக்கு முன் கழற்ற வேண்டியிருக்கும். தண்டிலும் எலும்பிலும் செய்யும் வேலையால் துளை நகராது. மூக்கிறகைக் குறைத்தால் மட்டும் அது மடிப்பை ஒட்டிப் போக வாய்ப்புண்டு. காதோ மூக்கோ குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் 2 | ஃபேர்லேண்ட்ஸ் அக்கா

தங்கச்சி, நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவள். ஏழாம் நாள் மூக்கின் மேலிருந்த கட்டைப் பிரித்ததும் கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். பக்கவாட்டில் நான் விரும்பிய மூக்கு இருந்தது. நேராகப் பார்த்தால் முன்பைவிட அகலமான, நுனி பளபளவென்று வீங்கிய மூக்கு இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். முன்புறத்து வீக்கம்தான் கடைசியாக வடியும் என்று அங்கே ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காலையில் எழுந்ததும் வீக்கம் அதிகமாக இருக்கும். மாலைக்குள் கொஞ்சம் வற்றும். கண்ணுக்குக் கீழே இருந்த கன்றிய நிறம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. ஆனால் நுனி தன் உருவத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. விரலால் தொட்டால் பல மாதங்கள் மரத்துப்போய், அழிரப்பர் போல இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் சமையலறை ஜன்னலோரம், ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைத்தேன்; அந்தப் படங்கள்தான் எனக்குத் தைரியம் கொடுத்தன. நீ மூக்குக் கண்ணாடி அணிபவளாக இருந்தால், சில வாரங்கள் அது தண்டின் மேல் அழுத்தக் கூடாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்.

பதில் 3 | ஐந்து ரோடு படப்பிடிப்பாளர்

சகோதரி, முடிவெடுக்கும் முன் எந்தப் படத்தைப் பார்த்து வருந்துகிறீர்கள் என்பதை யோசியுங்கள். கைப்பேசியைக் கைநீட்டி எடுக்கும் செல்ஃபியில், லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் விழும். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிட மூக்கின் அடி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் தாங்களே எடுத்த படத்தைக் கொண்டுவந்து "மூக்கை மட்டும் சிறிதாக்குங்கள்" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களை ஆறடி தள்ளி நிற்க வைத்து, இருபுறமும் சமமாக வெளிச்சம் விழ ஒரு படம் எடுத்துக் காட்டுவேன். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். ஒரே பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தாலும் தண்டு கோணலாகத் தெரியும். மருத்துவமனைகள் காட்டும் முன்-பின் படங்களில் தூரமும் வெளிச்சமும் ஒன்றா என்று கவனியுங்கள்.

மறுமொழி | அம்மாப்பேட்டை வாசி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை தம்பியை ஆறடி தள்ளி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். மேடு மட்டும்தான் உறுத்துகிறது. மூக்கிறகுகள் என் முகத்துக்குச் சரியாகவே இருக்கின்றன. ஆகவே மூக்கிறகில் கை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மூக்குத்தித் துளை பற்றி அம்மாவிடம் சொன்னதும் அவருக்கு நிம்மதி. அடுத்த சந்திப்பில் நேர்முகப் படத்தையும் கணினியில் காட்டச் சொல்லி, அந்தக் குருத்தெலும்புப் பட்டைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.