ஸ்ட்ரக்ட் கடைசியில் [0], [1]: ஓடுகிற கோடில் (code) கை வைக்க வேண்டுமா?

டிரைவர்காரன்:
லினக்ஸ் கெர்னலில் ஸ்ட்ரக்ட்டின் (பல புலங்களைச் சேர்த்த தொகுப்பு) கடைசியில், நீளம் ஓடும்போதுதான் தெரியும் டேட்டாவுக்காக இருக்கும் [0], [1] அர்ரேக்களை சி99-இன் (சி மொழியின் 1999 தரம்) வெறும் [] ஆக மாற்றும் வேலை சில வருடங்களாக நடக்கிறது. [0] ஜிசிசி கம்பைலர் தந்த பழைய வசதி, இன்றும் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது. யாரும் குறை சொல்லாத டிரைவரில் கை வைத்து என்ன ஆகப்போகிறது? பழைய ஸ்டேபிள் கிளைகளில் (திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய கெர்னல் பதிப்புகள்) பேட்ச் ஒட்டாமல் முழிப்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

தாமரை_சி:
அழகுக்காகச் செய்வது இல்லை அண்ணா. [1] என்று எழுதிவிட்டு அதற்கு மேலும் டேட்டா வைக்கும் தந்திரத்தைக் கெடுக்கக் கூடாதென்று, கடைசியில் வரும் எந்த அர்ரேயையும், [16] என்று எழுதியிருந்தாலும், நீளக்கூடியதாகவே கம்பைலர் எடுத்துக்கொண்டது. அதில் மெம்காப்பி (மெமரியை நகலெடுக்கும் ஃபங்ஷன்) 40 பைட் எழுதினாலும், எல்லை மீறலைப் பிடிக்க வேண்டிய ஃபோர்ட்டிஃபை சோதனை கண்டுகொள்ளாது. ஜிசிசி 13, கிளாங் 16 இரண்டு கம்பைலர்களிலும் வந்த ஸ்ட்ரிக்ட்-ஃப்ளெக்ஸ்-அர்ரேஸ் ஆப்ஷனை 3-இல் வைத்தால் [] மட்டும்தான் நீளும். கெர்னல் 6.5 முதல் அப்படித்தான். மிச்சமிருக்கும் [0]-ஐ கம்பைலர் இப்போது நிஜமாகவே பூஜ்யம் என்று நம்பும்.

டிரைவர்காரன்:
சரி, [0] விஷயத்தில் சண்டை இல்லை, அளவு மாறாது. [1] அப்படியா? 4 பைட்டில் நீளம், அப்புறம் ஒரு பைட் சார் (char) டேட்டா[1]. பேடிங்கோடு (இடம் நிரப்பும் பைட்டுகள்) ஸைஸ்ஆஃப், அதாவது ஸ்ட்ரக்ட்டின் அளவு, 8. n பைட் டேட்டாவுக்கு மெமரி கேட்க, பழைய கோடு ஸைஸ்ஆஃப்-இல் 1 கழித்து n கூட்டும்: n+7. [] ஆக்கியதும் ஸைஸ்ஆஃப் 4 ஆகிவிடும். அந்தக் கழித்தலை எடுக்க மறந்தால் n+3, தேவையோ n+4. ஒரு பைட் குறைவு, கம்பைலர் வாயே திறக்காது. பாதுகாப்புக்கென்று வந்த பேட்சே ஓட்டை போடும்!

தாமரை_சி:
அதனால்தான் கணக்கைக் கையால் போடாமல் ஸ்ட்ரக்ட்_ஸைஸ் மேக்ரோவிடம் விடச் சொல்கிறார்கள். பெருக்கல் எண்ணின் எல்லையைத் தாண்டி வழிந்தால் அது உச்ச எண்ணைத் தரும், மெமரி கிடைக்காது, அவ்வளவுதான். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் கோப்பை ஒப்பிட்டும் பார்க்கலாம். வித்தியாசத்தை விளக்க முடியாத [1] பேட்சை நானே திருப்பி அனுப்புவேன்.

பிட்_பண்டாரம்:
யூசர் புரோகிராம்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர்களை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். வெளியில் யாராவது அந்த ஸைஸ்ஆஃப்-ஐ நம்பியிருப்பார்கள். அங்கே பழைய [1]-ஐ வைத்துக்கொண்டே யூனியனில் (ஒரே இடத்தைப் பகிரும் புலங்கள்) பக்கத்தில் புதியதைச் சேர்ப்பதுதான் வழி. சி++ தரத்தில் [] கிடையவும் கிடையாது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் எதுவும் உடையாது.

டிரைவர்காரன்:
இதற்கு மேல் கவுன்டட்_பை என்ற குறிப்பு வேறு. எந்தப் புலத்தில் எண்ணிக்கை இருக்கிறதென்று குறித்துவிட்டால் ஜிசிசி 15 எல்லையைத் தானே பார்த்துக்கொள்ளுமாம். எங்கள் கோடில் முதலில் மெம்காப்பி, அப்புறம்தான் நீளத்தை எழுதுவோம். அந்த நேரத்தில் எண்ணிக்கை பூஜ்யம், சோதனை கூச்சல் போடும்.

தாமரை_சி:
வரிசையை மாற்றுங்கள். இரண்டே வரி.

டிரைவர்காரன்:
மாற்றிவிட்டு எதில் ஓட்டிப் பார்ப்பது? அந்த டிரைவருக்கான கார்டு இப்போது யாரிடம் இருக்கிறது? [0] பேட்சைத் தனியாகப் பிரித்து அனுப்புங்கள், ஆப்ஜெக்ட் ஒரே மாதிரி இருந்தால் இன்றே எடுத்துக்கொள்கிறேன். [1]-ஐ கார்டு வைத்திருக்கும் ஒருவர் வந்த பிறகு பார்ப்போம்.