பீடத்துக்காக நீண்ட வாட்டா, காற்றுக்காக நீண்ட வாட்டா? பழைய கத்தோலிக்க வைத்தியசாலைக் கட்டடங்கள்

உவர்மலைவாசி எழுதியது:

பிரான்ஸில் வசிக்கும் என் மருமகன், பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் என்னும் சிறு நகரின் பழைய வைத்தியசாலையைப் பார்த்துவிட்டுப் படங்கள் அனுப்பியிருந்தார். பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சரான நிக்கொலா ரொலன் 1443 இல் ஏழைகளுக்கென நிறுவிய அக்கட்டடத்தில், அருட்சகோதரிகளின் பராமரிப்பில் 1970களின் தொடக்கம் வரை நோயாளிகள் இருந்திருக்கிறார்கள். முற்றத்தைப் பார்த்த கூரையில் பல வண்ண மெருகூட்டிய ஓடுகள் மின்னுகின்றன. தெருவைப் பார்த்த பக்கமோ சாம்பல் நிறக் கற்பலகை. உள்ளே ஏறத்தாழ 50 மீற்றர் நீளமும் 16 மீற்றர் உயரமும் கொண்ட ஒரே மண்டபம். அதன் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துவைத்த தோணி போலிருக்கிறது. இரு சுவரோரமும் கட்டில்கள், ஒரு முனையில் திருப்பலிப் பீடம். படுக்கையில் கிடப்பவரும் திருப்பலி காண வேண்டும் என்பதற்காகவே அந்த மண்டபம் அப்படி நீண்டது. ஆகவே இவற்றை நோயாளிகள் படுத்திருந்த கோவில்கள் என்றே நான் கருதுகிறேன். பீடத்தை வாட்டிலிருந்து அகற்றிய பிறகுதான் வைத்தியத்துக்கென ஒரு கட்டடக்கலை உருவானது.

உப்புவெளிப் படவரைஞர் எழுதியது:

ஐயா, முப்பது ஆண்டுகள் கட்டட வரைபடம் வரைந்தே சோறு உண்டவன் நான். ஒரு கட்டடம் எதற்காக எழுந்தது என்று அறிய, முதலில் அதன் கழிவுநீர் போகும் வழியைத்தான் தேடுவேன். நீங்கள் சொல்லும் போன் வைத்தியசாலை ஓர் ஓடையின் மேல் எழுப்பப்பட்டது. கழிவை அந்த ஓடையே அடித்துச் சென்றது. 1456 இல் மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்சா தம் நகரில் கட்டத் தொடங்கிய பெரிய வைத்தியசாலைக்குக் கட்டடக்கலைஞர் பிலரேத்தே வகுத்த வரைபடத்தில், வாட்டுகள் சிலுவை வடிவில் அமைந்தன, அவை சந்திக்கும் இடத்தில் பீடம் இருந்தது என்பது உண்மையே. ஆனால் அதே வரைபடத்தில், வாட்டுச் சுவரை ஒட்டி மலசலகூடங்களும், அவற்றைக் கழுவிச் செல்ல வாய்க்கால் நீரும் மழைநீரும் வரும் வழிகளும் உள்ளன. கோவில் மட்டும் கட்ட நினைத்தவருக்கு இந்தக் கவலை ஏன் வந்தது?

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பிமார் இருவரும் இராக் கடமையில் நின்றவர்கள் அல்லர் என்று நினைக்கிறேன். பீடத்தை நோயாளி காணும் நேர்கோட்டிலேயே, பீடத்தருகே நிற்கும் சகோதரி ஒவ்வொரு கட்டிலையும் காண்கிறார். ரோமில் 1470களில் நாலாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் புதுப்பித்த தூய ஆவி வைத்தியசாலையின் மண்டபம் ஏறத்தாழ 120 மீற்றர் நீளமானது. அதன் நடுவே எண்கோணக் கோபுரத்தின் கீழ்ப் பீடம். அங்கு நின்றால் இரு புறமும் தெரியும். (அந்த நீளத்தை ஓர் இரவில் எத்தனை முறை நடந்திருப்பார்கள் என்று எண்ணினால் என் முழங்கால் இப்போதே வலிக்கிறது.) நான் பணியாற்றிய ஓரிடத்தில் பழைய நீண்ட வாட்டைப் பலகை அடித்துச் சிறு அறைகளாக்கினார்கள். அதன் பிறகு ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தால், சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

உவர்மலைவாசி எழுதியது:

அக்கா சொல்லும் கண்காணிப்பை மறுக்கவில்லை. ஆனால் பாரிஸின் ஒத்தேல் தியூ வைத்தியசாலையை நினைத்துப் பாருங்கள். 1772 இல் அதன் பெரும் பகுதி தீக்கிரையானது. 1788 இல் வைத்தியர் தெனோன் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரே கட்டிலில் நான்கு பேரும் அதற்கு மேலும் கிடந்தார்கள். ஏறத்தாழ நான்கரைப் பேருக்கு ஒருவர் இறந்தார். அதற்கு மாற்றைத் தேடி அவர் 1787 இல் இங்கிலாந்து சென்றபோது வியந்து நோக்கியது, பிளிமத் அருகே ஸ்ரோன்ஹவுஸில் கடற்படை கட்டியிருந்த, ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் தனித்தனிக் கட்டடங்களைத்தான். பின்னர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் பரிந்துரைத்த, காற்றோட்டத்துக்காக எதிரெதிர் யன்னல்கள் கொண்ட வாட்டும் அந்த வழியில் வந்ததே. நம் நாட்டின் பழைய அரசினர் வைத்தியசாலைகளில் உயர்ந்த ஓட்டுக் கூரையும் இருபுற விறாந்தையும் கண்டவர்களுக்கு அந்த மரபு விளங்கும். இதில் பீடத்துக்கு எங்கே இடம்?

மனையாவெளி மாணவன் எழுதியது:

வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, கோவிலோடு சேர்ந்து 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர்சாலை (வைத்தியசாலை) இருந்ததைச் சொல்கிறதே, அதையும் சேர்க்கலாமா?

உப்புவெளிப் படவரைஞர் எழுதியது:

தம்பி, அக்கல்வெட்டு வைத்தியருக்கும் பணியாளருக்கும் அளந்த நெல்லைக் கணக்காகச் சொல்கிறது. சுவர் எப்படி நின்றது என்று சொல்லவில்லை. கட்டட விவாதத்துக்கு அது உதவாது.

உவர்மலை ஐயாவுக்கு இரண்டு பதில்கள். பாரிஸில் நோயாளிகளைக் கொன்றது நெரிசல். பீடத்தை அகற்றியிருந்தாலும் ஒரு கட்டிலில் நால்வர் நால்வரே. அடுத்து, பார்சலோனாவின் சந்த் பாவ் வைத்தியசாலையைப் பாருங்கள். 1401 இல் தொடங்கிய கத்தோலிக்க நிறுவனத்துக்கு, பாவ் ஜில் என்ற வங்கியாளர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு, டொமெனெக் இ மொந்தனேர் வரைந்த புதிய வளாகம் 1902 இல் தொடங்கி 1930 இல் திறக்கப்பட்டது. தனித்தனிக் கட்டடங்கள், அவற்றை நிலத்துக்கடியில் இணைக்கும் வழிகள், வெயிலும் கடற்காற்றும் கிடைப்பதற்காக நகரத்தின் தெரு ஒழுங்கிலிருந்து 45 பாகை திருப்பிய நிலை ஆகிய அனைத்தும் அங்குண்டு. கூடவே வளாகத்துக்குள் தேவாலயமும், கட்டடங்களுக்குப் புனிதர்களின் பெயர்களும் உண்டு. கச்சான் காற்றுக் காலத்தில் யன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று திண்டாடும் நமக்கு, அந்த 45 பாகையின் அருமை புரியாமலா போகும்?

தூரம் போகவும் வேண்டாம். அநுராதபுர வீதியில் செல்லும்போது மிகிந்தலையில் இறங்கி, ஒன்பதாம் நூற்றாண்டு வைத்தியசாலையின் அடித்தளத்தைப் பாருங்கள். நடுமுற்றத்தில் சிறு புத்த ஆலயம், சுற்றிலும் நோயாளிகளுக்கான தனித்தனிச் சிற்றறைகள். அங்கும் வழிபாட்டிடம் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் நீண்ட மண்டபம் எழவில்லை. ஆகவே மண்டபத்தை நீட்டியது பீடந்தான் என்ற உங்கள் வாதம் அங்கே நிற்காது.

உவர்மலைவாசி எழுதியது:

மிகிந்தலைச் சான்று வலுவானது. திருப்பலி காண வேண்டும் "என்பதற்காகவே" என்று நான் எழுதியதில் உள்ள ஏகாரத்தை எடுத்துவிடுகிறேன். ஆனாலும் போன் மண்டபப் பீடத்தின் மேல் இருந்தது ரோகியர் வான் டெர் வெய்டன் தீட்டிய இறுதித் தீர்வை ஓவியம். வாரநாளில் அதன் கதவுகளை மூடிவைத்து, ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் திறந்து காட்டினார்கள். நரகத்தில் விழுவோரைச் சாகக் கிடப்பவர் கண்முன் வைத்தது காற்றுக்காகவோ கண்காணிப்புக்காகவோ அல்ல.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

அந்த வாட்டு என் பொறுப்பில் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமையும் அதை மூடியே வைத்திருப்பேன், தம்பி.