மாசம் 40 கோரப்பாய் ஆன்லைன்ல போகுது, ஆனா கையில ஒண்ணும் நிக்கல... எங்க ஓட்டை?

காவிரிக்கரை பாய்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு முசிறி பக்கம். அப்பா காலத்துல இருந்து கோரப்பாய் தான், வீட்டுல ரெண்டு தறி ஓடுது, கைத்தறி தான், பவர்லூம் போட வசதி இல்ல. முன்னாடி வியாபாரி வந்து கட்டு கட்டா தூக்கிட்டு போவாரு, அவரு சொல்றது தான் வெல. போன வருசம் தங்கச்சி மாப்ள சொல்லி ஒரு பெரிய ஆன்லைன் சைட்ல செல்லர் அக்கவுண்ட் போட்டேன், ஜிஎஸ்டியும் எடுத்தாச்சு. சும்மா சொல்லக்கூடாது, ஆர்டர் வருது. மாசம் 40 பாய் போகுது, ஊருல எல்லாரும் நீ பெரிய ஆளாயிட்டன்னு சொல்றாங்க, ஆனா மாசக் கடைசில வீட்டுக்காரி கணக்கு கேட்டா முழிக்கிறேன்.

3க்கு 6 பாய், வெல 649. கோரை, நூல், சாயம், கூலி எல்லாம் சேத்து எனக்கு 260 ஆகுது. கமிசன் அந்த பீஸ் இந்த பீஸ்னு 110, கூரியர் 165, அட்டைப்பொட்டி டேப்பு 30. பாத்தா 84 ரூபா நிக்கணும். நிக்கலயே! இன்னொன்னு, பாய் எடை 1 கிலோ 200 கிராம் தான், கடைத் தராசுல போட்டு பாத்துட்டேன், ஆனா கூரியர் பில்லுல 3.5 கிலோன்னு போடுறான். கேட்டா டிக்கெட் குளோஸ்னு மெயில் வருது. இது ஏமாத்து வேலையா இல்ல நான் தான் எதாவது தப்பு பண்றனா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்புள்ள:
ஏமாத்து இல்ல ப்ரோ, அது வால்யூமெட்ரிக் வெயிட். பார்சல் வண்டியில எவ்வளவு எடம் அடைக்குதோ அதுக்கு காசு. நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுப்பாங்க (நெறைய கூரியர்ல 5000 தான், எதுக்கும் உங்க ரேட் கார்டுல ஒரு தடவ பாருங்க), அதுல வர்ற கிலோவும் தராசு கிலோவும் எது அதிகமோ அதுக்கு பில்லு. உங்க பொட்டி அளவு என்ன? சொல்லுங்க, போட்டு பாத்துடலாம்.

ரிட்டர்ன் எத்தன வருதுன்னு நீங்க சொல்லவே இல்லயே, அதையும் சொல்லுங்க.

காவிரிக்கரை பாய்க்காரன்:
பொட்டி நீளம் 94, மத்த ரெண்டு பக்கமும் 13. ரிட்டர்ன் பத்துக்கு ரெண்டு வரும் அண்ணா. பாதி பேரு புல்லு வாடை அடிக்குதுங்குறான். கோரைல புல்லு வாடை அடிக்காம மல்லிப்பூ வாடையா அடிக்கும். ஒருத்தரு ஈரத் தரையில விரிச்சிட்டு செவப்பு சாயம் ஒட்டிக்கிச்சுன்னு போட்டோ எடுத்து ஒரு ஸ்டார் குடுத்துட்டாரு.

கணக்குப்புள்ள:
94 x 13 x 13 = 15886. வகுத்தா 3.18. பில்லு போடுற அடுத்த படி (ஸ்லாப்) 3.5 கிலோ, அவன் போட்டது சரி தான். பாதி காசு காத்துக்கு கட்டிட்டு இருக்கீங்க. பொட்டிய தூக்கிப் போட்டுட்டு பாயை இறுக்கி சுருட்டி கவர்ல போட்டா சுருளோட தடிமன் 10 சென்டிமீட்டருக்குள்ள வந்துடும், 93 x 10 x 10, அது 1.86, ரெண்டு கிலோ ஸ்லாப். அங்கயே நல்ல காசு மிச்சம்.

இப்ப ரிட்டர்னுக்கு வாங்க. பத்து பாய் அனுப்புறீங்க. எட்டு நிக்குது, எட்டு 84 ஆக 672. திரும்பி வந்த ஒவ்வொண்ணுக்கும் போன கூரியர் 165, திரும்பி வர்ற சார்ஜ் ஒரு 150, பேக்கிங் 30, மொத்தம் 345. ரெண்டுக்கு 690. ஆக பத்து பாய் அனுப்பி 18 ரூபா கைநட்டம். அதுவும் திரும்பி வந்த பாய் மடங்காம ஒடியாம வந்தா தான் இந்த கணக்கு. வீட்டுல அக்கா கேக்குறது நியாயம் தான் 😀. ஒண்ணு பாத்துக்கோங்க, கஸ்டமர் வாங்கவே இல்லாம திரும்புறது வேற, வாங்கி பிரிச்சு பாத்துட்டு அனுப்புறது வேற. சில சைட்ல முதல் வகைக்கு சார்ஜ் கிடையாது. பேமெண்ட் ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி ரெண்டையும் தனித்தனியா எண்ணுங்க.

இன்னொரு சந்தேகம். 649ல 5 சதவீதம் ஜிஎஸ்டி உள்ள இருக்குல்ல, அது 31 ரூபா, உங்க 84ல அத கழிக்கவே இல்ல. ஆனா கமிசன்லயும் கூரியர்லயும் 18 சதவீதம் வரி உங்க கிட்ட ஏற்கனவே புடிச்சிருக்கான், கிட்டத்தட்ட 42 ரூபா. இப்படி ஏற்கனவே கட்டுன வரிய கழிச்சுக்குறது தான் இன்புட் கிரெடிட், அத எடுத்தா அந்த 31 அதுலயே அடங்கிடும், கையில இருந்து கட்ட வேண்டியதே இல்ல. உங்க ஆடிட்டர் ஜிஎஸ்டிக்கு போடுற 3பி கணக்குல இன்புட் எடுக்குறாரா, இல்ல சைபர் போட்டு உங்கள பணமா கட்ட வைக்கிறாரான்னு கேளுங்க. டிசிஎஸ்னு சைட்டுக்காரன் உங்க விற்பனைப் பணத்துல இருந்து முன்கூட்டியே புடிக்கிற வரியும் உங்க காசு தான், 2024 ஜூலைல இருந்து அது 1 சதவீதம் இல்ல, 0.5. ஜிஎஸ்டி போர்ட்டல்ல போய் அக்செப்ட் பண்ணா தான் அங்க இருக்குற உங்க வரிக் கணக்குக்கு (கேஷ் லெட்ஜர்) வரும், நெறைய பேரு அத அப்படியே வுட்டுடுறாங்க.

தாமிரபரணிக்காரன்:
அண்ணாச்சி, உங்க லிஸ்டிங் தேடி பாத்தேன். தலைப்புல "பத்தமடை மாடல் கோரைப்பாய்"னு போட்டுருக்கீங்க. அத மொதல்ல எடுங்க. பத்தமடை பாய்க்கு புவிசார் குறியீடு இருக்கு, அந்த ஊருப் பாய்க்கு மட்டும் தான் அந்தப் பேரு. முசிறியில நெஞ்சத பத்தமடைன்னு வித்தா யாராவது கம்ப்ளைண்ட் குடுத்தா லிஸ்டிங்கே போயிரும். அதவிட, நம்ம ஊருல கோரைய நாள் கணக்கா தண்ணில ஊறப்போட்டு நார் நாரா கிழிச்சு பட்டு மாதிரி நெய்வாங்க, மாப்பிள்ள பொண்ணு பேர் போட்டு கல்யாணப் பாய் ஒண்ணு முடிக்க எத்தன நாளாகும்னு உங்களுக்கே தெரியும். அத நெனச்சு வாங்குனவன் உங்க பாயப் பிரிச்சதும் கடுப்பாவத்தான் செய்வான். ரிட்டர்ன்ல பாதி இதனால கூட இருக்கலாம். கோவிச்சுக்காதீங்க. முசிறி பாய்னு பெருமையா போடுங்களேன், அதுக்கென்ன கொறச்சல்.

கோவை அம்மிணி:
அண்ணா, நான் இன்ஸ்டால தேங்கா தொட்டி சாமான் விக்கறேனுங்க, என் அனுபவத்த சொல்றேன். மொதல்ல நானும் எல்லாருக்கும் கேஷ் ஆன் டெலிவரி குடுத்தேன். ஒரு தீபாவளிக்கு 22 பார்சல் போட்டு 9 திரும்பி வந்துச்சு, போன் பண்ணா ஆர்டரே பண்ணலீங்குறாங்க. அதோட நிப்பாட்டிட்டேன். இப்ப வாட்ஸப்ல தான் ஆர்டர், ஜிபே பண்ணா தான் பேக்கிங். ஆர்டர் கொறஞ்சுது, தூக்கம் வருதுங்க.

நீங்க 3க்கு 6 மட்டும் ஏன் போடறீங்க? தடுக்கு போடுங்களேன்! எங்க பாட்டி வீட்டுல சாப்பிட உக்கார்றதுக்கு ஆளுக்கொரு தடுக்கு இருக்கும். ரெண்டடிக்கு ரெண்டடி, பூஜைக்கு, கொழந்தைக்கு, கீழ உக்காந்து சாப்பிடறவங்களுக்குன்னு நாலு சேத்து ஒரு செட்டா. நாலையும் ஒண்ணா சுருட்டுனா 62 சென்டிமீட்டர் தான் நீளம். வீடியோவும் எடுங்க, பாயை உதறி விரிக்கறப்ப ஒரு சத்தம் வருமே, அந்த சத்தத்தோட. அப்பறம் புதுப்பாய்ல புல்லு வாசம் இருக்கும், நாலு நாள் நெழல்ல காய வெச்சா போயிடும், ஈரத்துல விரிக்க வேண்டாம்னு ஒரு சீட்டு எழுதி உள்ள வெச்சுடுங்க. சாயம் ஒட்டுதுன்னு எனக்கும் வாங்கின பாய்ல நடந்திருக்குங்க, அதனால அவர் பொய் சொல்லிருக்க மாட்டாரு. ஈரத்துணி வெச்சு தேய்ச்சு பாத்துட்டு அனுப்புங்க. ஐப்பசி மழைல நெஞ்சத நல்லா காயாம கவர் போட்டு ஒட்டுனீங்கன்னா போய் சேர்றதுக்குள்ள பூசணம் புடிச்சுடும், அதையும் பாத்துக்கோங்க.

காவிரிக்கரை பாய்க்காரன்:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். ஆடிட்டர் கிட்ட கேட்டேன், இன்புட் எடுக்கவே இல்லயாம், நீங்க பில்லு குடுத்தீங்களான்னு என்னையே திருப்பி கேக்குறாரு. பில்லு எல்லாம் சைட்லயே கெடக்குது, எனக்கும் தெரியல அவரும் கேக்கல. இப்ப எடுத்து குடுத்துட்டேன். தலைப்புல பத்தமடைய தூக்கிட்டேன் அண்ணாச்சி, தப்பு தான், சைட் வெச்சுக் குடுத்த பையன் அப்படி போட்டா தேடுறப்ப மேல வரும்னு சொன்னான். ஆர்டர் 40ல இருந்து 31 ஆயிடுச்சு, ரிட்டர்ன் மூணு தான்.

பொட்டி இல்லாம அனுப்ப ஆரம்பிச்சாச்சு, 2 கிலோன்னு தான் பில்லு வருது. அம்மா முழங்கால போட்டு அமுக்கி சுருட்டி சணல் கயிறு கட்டுறாங்க, நான் சுருட்டுனா 12க்கு கீழ வர மாட்டேங்குது. தடுக்கு எட்டு செட் நெஞ்சோம், ஊர்க்காரங்களே அஞ்ச வாங்கிட்டாங்க! ஒரே பிரச்சன, ஒரு மீட்டர் நீளத்துக்கு கனமான கவர் எங்க கெடைக்கும்? இங்க கேட்டா எல்லாரும் குப்பக் கவரைத் தான் காட்டுறாங்க.

கணக்குப்புள்ள:
ஜவுளிக்கடைல பீஸ் துணி ரோல் வருமே, அது மேல ஒரு நீள கவர் இருக்கும். பிரிச்சதும் குப்பைல தான் போடுவாங்க. தெரிஞ்ச கடைல சொல்லி வைங்க, சும்மாவே குடுப்பாங்க.