எட்டாயிரம் டாலர் மெட்டல் டிடெக்டர் இப்பவே வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா?

டார்னீட்_தமிழன்:

எல்லாருக்கும் வணக்கம். மெல்பர்ன்ல டார்னீட் பக்கம் இருக்கேன், சொந்த ஊரு மன்னார்குடி. போன வருஷம் கூட வேல பாக்குற ஒரு வெள்ளைக்காரர் தான் கண்டெடுத்த தங்கத்த ஒரு குட்டி பாட்டில்ல தண்ணிக்குள்ள போட்டு காட்டினாரு, மொத்தமே ரெண்டு கிராம் இருக்கும், அன்னிக்கு புடிச்ச கிறுக்கு இன்னும் எறங்கல. மைனர்ஸ் ரைட்னு தங்கம் தேடுற லைசென்ஸ் எடுத்துட்டேன், ஒரு தடவ கட்டினா பத்து வருஷத்துக்கு விக்டோரியா அரசு நெலத்துல தேடலாம் (அப்பாகிட்ட போன்ல சொன்னப்ப கல்யாணம் ஆகி ரெண்டு புள்ள இருக்கு இப்ப என்னடா மைனர் வேஷம்னு கேட்டாரு).

கையில இருக்குறது வான்குவிஷ் 340ன்னு ஒரு செகண்ட்ஹேண்ட் மெட்டல் டிடெக்டர். பழைய தங்கக்காடான டனோலி பக்கம் மூணு தடவ போயிட்டேன். போக ரெண்டர மணி நேரம், வர ரெண்டர மணி நேரம், கெடச்சது பீர் டின் வளையம் பதினேழு, தோட்டா கூடு நாலஞ்சு, ஒரு பழைய பென்னி காசு. அவ்வளவுதான். வீட்ல டெஸ்ட் பண்ணலாம்னு வொய்ஃபோட மூக்குத்திய கொல்லைப்பக்கம் புல்லுல வச்சு ஆட்டிப் பாத்தேன், சத்தமே வரல. அப்புறம் அந்த மூக்குத்திய தேடி எடுக்க நாலு பேரு அரை மணி நேரம் தவழ்ந்தது தனி கதை.

இப்ப போனஸ் வந்திருக்கு. மைன்லேப் கம்பெனியோட பெரிய தங்க டிடெக்டர் ஜிபிஎக்ஸ் 6000 மேல ஒரு கண்ணு, ஆனா வெல எட்டாயிரம் டாலருக்கு மேல. என் கேள்வி இதுதான், தங்கம் கெடைக்காதது மிஷினாலயா என்னாலயா? அத எப்படி கண்டுபுடிக்கிறது?

சும்மா_சுத்துறவன்:

ப்ரோ அந்த காசுக்கு நேரா நகைக்கடைக்கு போனா மூணே நிமிஷத்துல தங்கம் கெடைக்கும், முட்டி வலியும் இல்ல, வீட்ல மூக்குத்தியும் பத்திரம் 😂

பெண்டிகோ_அண்ணாச்சி:

தம்பி, பாதி மிஷின், பாதி நீங்க. மொதல்ல உங்க பாதிய சொல்றேன் கோவிச்சுக்காதீங்க.

காசு தேடறதுக்குன்னு இருக்குற காயின் மோடுல வச்சுத்தானே தேடினீங்க? பதினேழு வளையம் ஒரு பென்னின்னு சொன்னதுமே எனக்கு அப்படித்தான் தோணுச்சு. சிகரெட் அட்டைக்குள்ள வருமே அலுமினிய தாளு, அது மிஷின் திரையில எந்த நம்பர்ல விழுதோ அதே நம்பர்லதான் சின்ன தங்கமும் விழும், குப்பை வேணாம்னு நீங்க தாள அமுக்கி வச்சா தங்கமும் சேந்து அமுங்கிரும், மிஷினு சத்தியமா பொய் சொல்லல, நீங்க சொல்லாதேன்னு சொன்னத அது சொல்லல அவ்வளவுதான். அடுத்த தடவ எதையும் அமுக்காம ஆல் மெட்டல் மோடுல வச்சு போங்க, காது புண்ணாயிரும், பரவால்ல.

மூக்குத்தி டெஸ்ட்டும் சரியான டெஸ்ட் இல்ல. டிடெக்டருக்கு எடைய விட உருவம் முக்கியம். காயில், அதான் தரைக்கு மேல ஆட்டுற வட்டு, அது அனுப்புற காந்தப்புலம் உலோகத்துக்குள்ள சுழல் மின்னோட்டத்த உண்டாக்கும், மோதிரம் முழு வட்டம்ங்கறதால மின்னோட்டம் ஜம்முனு சுத்தி வரும், ஒரு கிராம் மோதிரம் கூட கத்தும். அதே அஞ்சு பவுன் செயின வைங்க, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி சின்ன வளையமா தெரியுறதால முனகிட்டு விட்ரும், கொக்கிதான் பல நேரம் காட்டிக்குடுக்கும். மூக்குத்தி ஒரு பொட்டு தங்கம், கூட கல்லு வேற. மண்ணுல கெடைக்குற தங்கம் சப்பையா, ஓட்ட ஓட்டையா, வெள்ளக்கல்லோட ஒட்டிக்கிட்டு எப்படி வேணா இருக்கும். அதனால நகைய வச்சு மிஷினுக்கு மார்க் போடாதீங்க.

இப்ப மிஷினோட பாதி. டனோலி, டார்னகுல்லா, வெடர்பர்ன் எல்லாம் செவப்பு மண்ணு, இரும்புக்கல்லு நெறைய. உங்களோடது விஎல்எஃப் வகை, விடாம அலை அனுப்பிக்கிட்டே கேக்கும், அதனால மண்ணுல உள்ள இரும்போட கூச்சலும் டார்கெட்டோட சத்தமும் கலந்துதான் வரும். 6000 பல்ஸ் இண்டக்ஷன். ஒரு தட்டு தட்டிட்டு கரண்ட்ட நிறுத்திட்டு அப்புறம் காத குடுக்கும், அந்த இடைவெளில மண்ணோட கூச்சல கழிச்சிரும். அந்த மண்ணுல ஆழம் போறது இதனாலதான். ஆனா ஒண்ணு, ஆணியா தங்கமான்னு பிரிச்சு சொல்ற புத்தி அதுக்கு கம்மி. சுருதிப்பெட்டி மாதிரி ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், அது லேசா ஏறி எறங்கினா தோண்டணும், எல்லாத்தையும் தோண்டணும், நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி தங்கம் தேடினவன் பூட்ஸ்ல இருந்து விழுந்த ஆணி அத்தனையும் உங்க தலையிலதான்.

சரி எப்ப வாங்கறது? நான் பாக்குற கணக்கு ஈயக்குண்டு. முயல் சுடுற தோட்டாக்குள்ள மொளகு சைஸுல ஈயக்குண்டு இருக்கும்ல, அந்த காடு பூரா செதறிக் கெடக்கு. அதோட சத்தமும் சின்ன தங்கத்தோட சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு. இருக்குற மிஷினாலயே அத எடுக்க முடிஞ்சா மெதுவா ஆட்ட கத்துக்கிட்டீங்க, காயில தரையோட ஒட்டி வைக்க கத்துக்கிட்டீங்க, காது பழகிருச்சுன்னு அர்த்தம். ஒரு சின்ன டப்பா வச்சு சேத்துக்கிட்டே வாங்க. எவ்வளவு ஆழம்னும் குறிச்சு வைங்க. எவ்வளவு மெதுவா ஆட்டினாலும் ரெண்டு விரல்கடைக்கு கீழ ஒண்ணு கூட வரமாட்டேங்குதுன்னு டப்பா சொல்லுச்சுன்னா மிஷினு முட்டிக்கிட்டு நிக்குதுன்னு புரியும், அப்ப காச எடுங்க. மூணு ட்ரிப்ல ஒரு ஈயக்குண்டு கூட வரலன்னா இன்னிக்கு 6000 வாங்கினாலும் ஆணிதான்.

சின்ன மிஷின்லயே பெருசா கெடச்ச கதையும் உண்டு, 2023ல ஒருத்தர் இந்த ஏரியால எடுத்த 4.6 கிலோ கல்ல பையில போட்டு ஜீலாங்ல ஒரு கடைக்கு தூக்கிட்டு வந்தாரு, உள்ள 2.6 கிலோ தங்கம், நம்ம கணக்குல 325 பவுன். அவர்கிட்ட இருந்தது ஆயிரத்து எரநூறு டாலர் டிடெக்டர். 1980ல கிங்கோவர்ங்கற ஊர்ல கெடச்ச ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்ங்கற தங்கக்கட்டி 27.2 கிலோ, 3400 பவுன், அத எடுத்தது காரெட்ங்கற கம்பெனியோட அந்தக் காலத்து மிஷினு. இத சொல்லி சின்னதே போதும்னு வாதாடறவங்க இருக்காங்க, அவ்வளவு பெரிய கட்டி எந்த மிஷின்லயும் கத்தத்தான் செய்யும், நமக்கு வர்றது பூரா அரை கிராமுக்கு கீழதான், அதுலதான் மிஷினு வித்தியாசம் தெரியும்.

வல்வெட்டி_மாமா:

தம்பி நான் டண்டினோங்கில இருக்கிறன், இந்த விசரில விழுந்து ஆறு வருசம். நான் விட்ட பிழைய நீங்கள் விடாதேங்கோ. எனக்கும் முதல் வருசமே பெரிய மிஷின் வேணும் எண்டு அந்தரம், இணையத்தில ஒருத்தர் ஜிபிஎக்ஸ் 5000 பாதி விலைக்கு விக்கிறன் எண்டு போட்டவர், காசக் குடுத்து வாங்கிப்போட்டன். பாக்க அச்சு அசல். காட்டுக்குள்ள கொண்டுபோய் போட்டா அரை மணித்தியாலத்தில தானா அலறத் தொடங்கீட்டுது. திருத்தக் குடுத்தாப் பிறகுதான் சொன்னாங்கள் அது போலி, வெளிக்கூடு மட்டும்தான் அது மாதிரி எண்டு. வித்தவற்ர போன் அதுக்குப் பிறகு வேலை செய்யேல்ல. பழசு வாங்கிறதெண்டால் சீரியல் நம்பர மைன்லேப்பிட்ட கேட்டு உறுதிப்படுத்திப்போட்டு, ஆள நேர கண்டு, மண்ணில போட்டு ஆட்டிப்பாத்து வாங்குங்கோ.

அண்ணாச்சி சொன்ன ஈயக்குண்டு கதை நூற்றுக்கு நூறு சரி. அதோட இன்னொண்டு, தங்கக்காட்டு ஊர்களில பெரிய மிஷின வாடகைக்கு குடுக்கிற கடைகள் இருக்கு. ஒரு கிழமை முடிவுக்கு எடுத்துப் பாருங்கோ. ரெண்டாம் நாள் பின்னேரம் எல்லா ஆணிக்கும் குனிஞ்சு கிடங்கு கிண்டின பிறகும் நாளைக்கும் வரவேணும் எண்டு மனம் சொல்லுதோ எண்டு பாருங்கோ. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் அந்த ரெண்டு நாளோட இந்த விளையாட்டையே விட்டிட்டினம், எட்டாயிரம் மிச்சம்.

நடுவில கோல்டு மான்ஸ்டர் 1000 எண்டு ஒண்டும் இருக்கு, உங்கட மாதிரி விஎல்எஃப் தான், ஆனா அலைவரிசை கூட, 45 கிலோஹெர்ட்ஸ், சின்னத் தங்கத்துக்கெண்டே செய்தது. விலை 6000 இன்ர கால்வாசியும் வராது. ஆழம் போகாது, மேல் மண்ணில கிடக்கிற பொட்டு பொடிய நல்லாப் பிடிக்கும். என்னட்ட இப்பவும் இருக்கு.

கோடையில வாங்கி வீட்டுக்குள்ள வச்சு தடவிக்கொண்டு இருக்காதேங்கோ, அந்தக் காலம் பாம்பும் வெயிலும், நிலமும் கல்லு மாதிரி. ஏப்ரல் பிறந்தாப் பிறகு மழை விழுந்து மண் இளகும், அப்ப போங்கோ. கிண்டின கிடங்க மூடுங்கோ, அது சட்டம், மறக்காதேங்கோ.

டார்னீட்_தமிழன்:

அண்ணாச்சி கரெக்ட்டா புடிச்சிட்டீங்க, காயின் மோடுதான் 🙈 மாமா உங்க கத கேட்டு வயிறு கலங்கிருச்சு, நானும் அதே மாதிரி ஒரு விளம்பரத்துக்கு மெசேஜ் போட்டு வச்சிருந்தேன், இப்பதான் அழிச்சேன். இன்னொரு கேள்வி, லீவுக்கு ஊருக்கு போறப்ப மிஷின கொண்டு போகலாமா? எங்க தாத்தா வீட்டு கொல்லையில பித்தளை பானை பொதைச்சு வச்சிருக்குன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன்.

பெண்டிகோ_அண்ணாச்சி:

தமிழ்நாட்டுல எந்த வீட்டு கொல்லையில பானை இல்ல சொல்லுங்க. இங்க மாதிரி கெடச்சா எனக்குன்னு அங்க எடுத்துட்டு வர முடியாது தம்பி, வெள்ளைக்காரன் போட்ட 1878ஆம் வருஷ புதையல் சட்டம் இன்னும் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டர்கிட்ட எழுதிக் குடுக்கணும். பத்து ரூபாய்தான், தப்பா டைப் பண்ணல. மிஷின இங்கயே வச்சிட்டு போங்க, தாத்தா கதைய நிம்மதியா கேட்டுட்டு வாங்க.

டார்னீட்_தமிழன்:

அப்டேட். ஞாயித்துக்கிழம போனேன், ஆல் மெட்டல்ல. காலைல ஏழு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் ஒரே எடம், பழைய குழிகள் பக்கத்துல ஒரு சரிவு, பெரியவனும் கூட வந்தான். கணக்கில்லாம ஆணி. மத்தியானம் ஒரு சிக்னல், ரொம்ப லேசா, ரெண்டு பக்கமும் ஆட்டினா ரெண்டு பக்கமும் வருது. தோண்டி மண்ண கையில அள்ளி காயில் மேல காட்டுறேன், கத்துது, பாதிய கீழ போட்டுட்டு மறுபடி காட்டுறேன், கத்துது, அப்படியே பாதி பாதியா கொறச்சு கடைசில பையன் உள்ளங்கையில ஒரு சிட்டிகை மண்ணு, அத ஊதினா சாம்பல் கலர்ல ஒரு குண்டு. ஈயம்! ரெண்டு பேரும் தங்கம் கெடச்ச மாதிரி கத்தினோம், பக்கத்துல நாயோட நடந்து போன பாட்டி நின்னு பாத்துட்டு போனாங்க. அப்புறம் இன்னொண்ணும் கெடச்சுது. மொத்தம் ரெண்டு. வொய்ஃபோட பழைய குங்குமச் சிமிழ்ல போட்டு வச்சிருக்கேன்.

பெண்டிகோ_அண்ணாச்சி:

அடி சக்க. ரெண்டும் எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு, குறிச்சீங்களா?

டார்னீட்_தமிழன்:

ஐயோ.