எதிர் லயத்துச் சாவும் ஐந்து புள்ளியும்

என் மகள் எஸ்.பி.எம்.மில் (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் பள்ளித் தேர்வு) ஆங்கில இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுத்திருக்கிறாள், தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதற்கெல்லாம் எப்படிப் படித்தீர்கள் என்று தங்கை ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் கெடா மாநிலத்துப் பீடோங்குக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. 2006-இல் எஸ்.பி.எம். எழுதினேன். அப்போது இலக்கியத்தைத் தனியாக எடுக்காதவர்களுக்கும் அது உண்டு. ஆங்கில இரண்டாம் தாளின் கடைசிப் பகுதியே இலக்கியம்தான். கவிதை அல்லது சிறுகதைக்கு 5 புள்ளி (மதிப்பெண்), நாவலுக்கு 15. தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாயோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த எனக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அதைப் பேச ஆளே கிடையாது. அதனால் எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன். பயிற்சிப் புத்தகத்தில் இருந்த கருப்பொருள், பாத்திரங்கள், படிப்பினை எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணினேன்.

மாதிரிச் சோதனையில் எமிலி டிக்கின்சனின் கவிதை வந்தது. எதிர்வீட்டில் நடந்த ஒரு சாவைப் பற்றியது. கருப்பொருளைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். பிள்ளைகள் ஏன் அந்த வீட்டை வேகவேகமாகக் கடந்து போகிறார்கள் என்று கேட்டுவிட்டார்கள். ஐந்துக்கு ஒரு புள்ளி. அந்தக் கவிதையைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தவள் நான். தாளை வாங்கியதும் அழுகை வந்துவிட்டது.

அன்று ராத்திரி அம்மா அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எதிர்வீட்டில் சாவு, அது யாரும் சொல்லாமலே தெரிகிறது. அக்கம்பக்கத்தார் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள், டாக்டர் வண்டி கிளம்பிவிட்டது. சன்னல் ஒன்று காய் வெடிக்கிற மாதிரி திறக்கிறது.

"நம்ம ரப்பர்க் காய் வெடிக்குமே, அந்த மாதிரியா?" என்றார் அம்மா.

நான் அதை அப்படி யோசித்ததே இல்லை. மத்தியான வெயிலில் தோட்டத்துக்குள் நடக்கும்போது பட்டென்று ஒரு சத்தம் வரும், தெரிந்த சத்தம்தான், இருந்தாலும் ஒரு நிமிடம் தூக்கிப்போடும். அந்தச் சன்னல் அப்படித்தான் திறக்கிறது.

அடுத்த வரியில் யாரோ மெத்தையை வெளியே வீசுகிறார்கள். அம்மா கிள்ளுவதை நிறுத்திவிட்டார். "எதிர் லயத்துப் பாட்டி செத்தப்ப பாயைக் கால்வாய் ஓரமா போட்டிருந்தாங்க. நீ அந்தப் பக்கமே போகமாட்டேன்னு கோயிலைச் சுத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன."

எனக்கு அப்போது எட்டு வயது. அது சிவப்புக் கரை போட்ட கோரைப்பாய். ஒரு முனை கால்வாய்த் தண்ணீரில் நனைந்து கறுத்திருந்தது. பாட்டி அதில் படுத்தேதான் செத்தாரா என்ற கேள்வி ஒரு வாரம் மனதில் ஓடியது, யாரிடமும் கேட்கவில்லை. கவிதையில் வரும் பிள்ளைகளும் அதையேதான் யோசித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நான் கோட்டைவிட்ட நான்கு புள்ளி அந்தப் பாயில் கிடந்தது.

அப்புறம் பாதிரியார் வருகிறார். வீடே தன்னுடையது மாதிரி, அழுகிறவர்களும் தன் ஆட்கள், சின்னப் பையன்களும் தன் ஆட்கள் என்கிற மாதிரி விறைப்பாக உள்ளே போகிறார். அம்மா சிரித்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் காரியம் செய்கிற பெரியவர் அப்படித்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் "டேய், நீ தண்ணி கொண்டா, நீ வாழையிலை வெட்டு" என்று நாலு பையன்களை விரட்டிவிடுவார்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒன்று கேட்டார்: "இதைச் சொல்றது ஆம்பளையா, பொம்பளையா?" எழுதியது பெண்தானே, பெண்தான் என்றேன். "பொம்பளைன்னா உள்ள போயி கூடமாட வேலை பார்த்திருப்பாளே, எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்காளே" என்றார். திரும்பப் படித்தேன். நானும் சிறுவனாக இருந்தபோது அப்படித்தான் யோசித்தேன் என்று ஒரு வரி அங்கேயே இருந்தது. பேசுகிறவர் ஓர் ஆண்! எழுதியவர் வேறு, கவிதைக்குள் பேசுகிறவர் வேறு என்று டீச்சர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அது புரிந்தது நெத்திலி முறத்துக்குப் பக்கத்தில்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கவிதையையும் அம்மாவிடம் தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். நவம்பர் வரை அப்படியே போனது. மார்ச்சில் முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் 3பி, அப்போதிருந்த ஒன்பது நிலைகளில் மேலிருந்து மூன்றாவது.

*

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் பங்குக்குக் கொஞ்சம். பீடோங்கில் டியூஷன் எடுக்கிறேன். தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்ல வழி, ஆனால் அதோடு நிறுத்தினால் புள்ளி வராது. சொன்னதற்கு ஆதாரமாகக் கவிதையிலிருந்தே ஒரு சொல்லையோ வரியையோ எடுத்துக் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். மனதில் பதில் இருக்கும், தாளில் ஆதாரம் இருக்காது.

அப்போது பாடத்தில் இருந்த இன்னொரு கவிதை ஷெர்லி ஜியோக்-லின் லிம் எழுதிய 'மான்சூன் ஹிஸ்டரி'. அவர் மலாக்காவில் பிறந்தவர். ஈரக்காற்று மெத்தைக்குள் இறங்குகிறது, பள்ளிப் புத்தக அட்டைக்குள் ராமபாணப் பூச்சி குடைகிறது, வீட்டில் உட்கார்ந்து மைலோ குடிக்கிறார்கள். இதை நடத்தும்போது நான் விளக்கமே சொல்லமாட்டேன். பைக்குள் இருக்கிற பழைய புத்தகத்தை எடுத்து முகர்ந்து பாருங்கள் என்பேன். பலகை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும்.

பீடோங் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய மலேசிய எழுத்தாளர் கே.எஸ். மணியம் 1942-இல் பிறந்தது இந்த ஊரில்தான். 1981-இல் வந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' நாவல் சில மாநிலங்களில் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த பாட்டி, ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பேரன் ரவி. என் பிரதியைக் கேட்கிற பிள்ளைக்கெல்லாம் கொடுக்கிறேன். ஒரு பையன் முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டு, "சார், ஆங்கிலப் புத்தகத்தில் நம்ம பாட்டியெல்லாம் வருவாங்களா?" என்று கேட்டான். அது வரை என் வகுப்பில் வாயே திறக்காதவன் அவன்.

*

நான் 2014-இல் எஸ்.பி.எம். எழுதிய செட். எங்களுக்கு லத்திஃப் மொஹிடின் கவிதை, அடிபா அமின் மலாயிலிருந்து மொழிபெயர்த்தது. வெள்ளத்தில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மகனுடைய எருமையைத் தேடிவிட்டு, கிழிந்த ஈரத்துணியோடு விடிகாலையில் வீடு திரும்புகிறார்கள். எருமை கிடைக்கவில்லை. கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சுருட்டு சுற்றிக்கொண்டே சிரித்துப் பேசுகிறார்கள்.

அவ்வளவு கஷ்டத்துக்குப் பிறகு எப்படிச் சிரிக்க முடியும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டிவிட்டு வந்த அப்பாவிடம் கேட்டேன். அவர் குளித்துவிட்டு வந்து, கோப்பியை ஆற்றிக்கொண்டே, "பின்ன, அடுப்படியில உட்கார்ந்து அழுதா பிள்ளைங்க பயப்படாதா?" என்றார். அதைத்தான் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினேன்.

சோதனை அன்று காலையில் பேருந்துக்குக் கிளம்பினேன். மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தி, "எருமைக் கதை வந்தா நல்லா எழுது, என்ன" என்றார்.